கையெழுத்தில்லாத மாயங்கள்

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எனக்கென்னவோ அந்த மலை என்றதும் கொல்லிப்பாவைதான் நினைவுக்கு வருகிறாள். சிரித்து மயக்கி ஆளைக் கொன்றுவிடும் மாயச் சிலை அவள். அவளைச் செய்தது தெய்வம் என்கிறார் ஒரு சங்கப் புலவர். பூதம் என்கிறார் இன்னொருவர். செய்தவன் சிலையின் காலடியில் தன் பெயரைப் பொறித்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது!

1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை கொல்லிமலையும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அந்தச் சேலத்தில் திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அங்கே உருவாகி 1956-ல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். மந்திரச் சொல்லைக் கேட்டுக் குகைவாசல் திறந்தபோது கொட்டகையில் வாய் பிளக்காதவர் யார்? ஸ்டுடியோப் பாறை என்பது மரச் சட்டமும் சாக்கும் பிளாஸ்டர் பூச்சுந்தான். படம் முடிந்ததும் செட்டைப் பிரித்து, பலகைகளை அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கிரீடமும் கத்தியும் ராஜாவுக்கு ராஜா கைமாறும். அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

ஹாலிவுட்டுக்கும் வெகுகாலம் தோன்றவில்லை. 1939-ல் வந்த மாயக்கதைப் படமான ‘விஸார்ட் ஆஃப் ஓஸ்’ஸில் ஜூடி கார்லண்டுக்காகச் செய்த சிவப்பு ஜோடுகளில் ஒன்று, 1970-ல் ஸ்டுடியோவின் பழஞ்சாமான் ஏலத்தில் 15,000 டாலருக்குப் போயிற்று. அப்போதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். இன்னொரு ஜோடு 2005-ல் ஜூடி பிறந்த ஊர்க் காட்சிசாலையிலிருந்து களவு போனது. திருடியவன் அதில் பதித்திருப்பது நிஜ மாணிக்கம் என்று நம்பினானாம், பாவம்! கண்ணாடி என்று தெரிந்ததும் கை கழுவிவிட்டான். 2018-ல் மீட்கப்பட்ட அந்த ஜோடு 2024-ல் ஏலத்துக்கு வந்தது. கட்டணமும் சேர்த்து விலை 3 கோடியே 25 லட்சம் டாலர்.

இப்பொழுது மாயாஜாலப் படங்களின் வாளுக்கும் முகமூடிக்கும் நடிகரின் கையெழுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். வாளை இழைத்த தச்சரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. கொல்லிப்பாவையின் வழக்கு அங்கேயும் தீர்ந்தபாடில்லை.

நம்மவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது பாட்டுப் புத்தகந்தான். சில அணாக்களுக்குக் கதைச் சுருக்கமும் பாட்டுகளும் கிடைக்கும். முடிவை மட்டும் வெள்ளித் திரையில் காணச் சொல்லிவிடுவார்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்த அந்தக் காகிதத்தைப் பொக்கிஷமென்று கண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் திரட்டியவை 1994 முதல் சென்னையில், அவர் பெயரிலேயே அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் புகைப்படங்களைச் சேர்த்தார். குகைக் கதவைச் சேர்ப்பார் இல்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் நெற்றியில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. கட்டிய கொத்தனாரின் பெயர் இல்லை.