சாக்கடை இணைப்பும் நகரத்தின் பொறுப்பும்

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர் நகரமாகாது என்பது இன்று நம் எண்ணம். ஆனால், வீட்டுக் கழிவைச் சாக்கடையில் விடுவதே குற்றமாக இருந்த காலமும் உண்டு. லண்டன் மாநகரில் 1815 வரை அதுவே விதி. அந்நகரின் சாக்கடைகள் மழைநீருக்காக அமைந்தவை. வீட்டுக் கழிவு மலக்குழியில் தங்கி, பின்னர் அள்ளிச் செல்லப்பட்டது.

1815இல் அத்தடை நீங்கியது. 1848இல் நிறுவப்பெற்ற பெருநகரச் சாக்கடை ஆணையமோ, மலக்குழிகளை மூடிச் சாக்கடையோடு இணையுமாறு மக்களை வற்புறுத்தவே தொடங்கிற்று. நோக்கம் நல்லதே. எனினும், அச்சாக்கடைகள் சென்று கலந்த இடம் தேம்ஸ் நதி. நகர மாந்தர் பலர் பருகியதும் அந்நதியின் நீரே. 1848-49இல் வாந்திபேதிக்கு ஏறத்தாழ 14,000 பேர் பலியாயினர். 1853-54இல் மேலும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தினுள்ளும் புகுந்தது. அதன் பின்னரே தக்க சட்டம் பிறந்தது. பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் 82 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாக்கடைகளைச் செங்கல்லால் அமைத்தார். அப்பணி முற்றுப்பெறாதிருந்த கிழக்குப் பகுதியில் 1866இல் வாந்திபேதி மீண்டும் தோன்றி, 5,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. இணைப்பை முதலில் வழங்கிவிட்டு, கழிவுக்குப் போக்கிடத்தைப் பின்னர்த் தேடியதன் விளைவுகள் இவை.

இதற்கு நேர்மாறான வழியை 1970இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் காண்கிறோம். வாஷிங்டனை அடுத்த இரு மாவட்டங்களில் வீடுகள் பெருகிச் சுத்திகரிப்பு நிலையங்கள் தாங்கமாட்டாத நிலை வந்தபோது, புதிய இணைப்புகள் நிறுத்தி வைக்கப்பட்டன. நில உடைமையாளர் வழக்குத் தொடுத்தனர். குறையைத் தீர்க்கும் முயற்சி நடைபெற்று வருமாயின், நியாயமான காலத்துக்கு இணைப்பை நிறுத்தி வைக்கலாம் என்று 1975இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் நிலை யாது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21ஆம் ஆண்டுக்கு அளித்த கணக்கின்படி, நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறனோ 31,841 மில்லியன் லிட்டர் மட்டுமே.

தடை ஒன்றே இதற்கு மருந்தாகாது. இணைப்புப் பெறாத குடிசைப் பகுதியின் கழிவு மறைந்துவிடுவதில்லை. திறந்த ஓடை வழியே அதே ஆற்றை அடைகிறது. ஆகவே, தடைக்குக் கால எல்லையும், அதற்குள் நிலையத்தைக் கட்டி முடிக்கும் கடமையும் வேண்டும்.

பிழைப்பை நாடி டில்லி, மும்பை, பெங்களூர் என்று குடியேறிய நாம், புது வீடு பார்க்கும்போது சாக்கடை இணைப்பு உண்டா என்று தவறாமல் விசாரிக்கிறோம். அந்த நீர் எங்கே சுத்தமாகிறது என்பதையும் விசாரிப்போமாக. டில்லியில் நாம் கழித்துவிடும் நீர் யமுனையில் கலந்து மதுராவையும் ஆக்ராவையும் அடைகிறது. அங்கும் நம்மைப் போன்ற குடும்பங்களே வாழ்கின்றன.