ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில் இருந்த மருந்து

2004-ல் தேனி அருகே க.விலக்கில் நம் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதே கெட்டமைன் பழைய மயக்க மருந்து. 1962-ல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கியது. ரத்த அழுத்தத்தைச் சாய்க்காது, மூச்சையும் பெரும்பாலும் நிறுத்தாது. ஊசி போட்ட குழந்தையின் கண் திறந்தே இருக்கும், கருவிழி ஆடும், எச்சில் ஊறும். வலி மட்டும் தெரியாது. அதற்குள் எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டுவிடலாம்.

இதே மருந்து மனச்சோர்வுக்கும் கேட்கிறது என்று 2000-ல் யேல் பல்கலைக்கழகக் குழு ஏழு நோயாளிகளைக் கொண்டு எழுதியது. 2006-ல் மனநல ஆய்வாளர் கார்லோஸ் ஸராட்டே குழுவின் ஆய்வில், வேறு மருந்துகள் கேட்காதவர்களில் 71 சதவீதம் பேர் ஒரே நாளில் தேறினார்கள். அளவு, கிலோ எடைக்கு அரை மில்லிகிராம். நரம்பு வழியாக 40 நிமிடம்.

அந்த ஒரு நாள் நம் பக்கத்தில் பெரிய விஷயம். கம்பம், சின்னமனூர்ப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து பல வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குடித்து, வார்டில் உயிர் பிழைத்தவருக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால், அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். நோயாளியோ நான்கைந்து நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார். மருத்துவத்தில் இதைவிட மோசமான இடைவெளி எனக்குத் தெரிந்து இல்லை.

கெட்டமைன் வேகமாக வேலை செய்வது எப்படி? மூளையில் குளூட்டமேட் ஏற்கும் என்எம்டிஏ வாயில்களை அது அடைக்கிறது. மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் அணுக்களே முதலில் ஓய்வதால், குளூட்டமேட் பெருகி வேறு ஏற்பிகளைத் தூண்டுகிறது என்பது பரவலான விளக்கம். பிடிஎன்எஃப் என்னும் வளர்ச்சிப் புரதம் சுரக்க, நரம்பிணைப்பு முட்கள் முளைக்கின்றன. கவாத்து செய்த கொடி துளிர்ப்பதுபோல, நெருக்கடி அழித்த முட்களில் ஒரு பகுதி பழைய இடத்திலேயே திரும்புவதை 2019-ல் எலிகளில் பார்த்தார்கள். ஆனால் எலியின் நடத்தை முதலில் மாறியது; முள் பிறகுதான் வந்தது. குணம் நிலைக்கத்தான் முள் வேண்டியிருந்தது.

மனிதரில் ஒரு ஊசியின் பலன் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேய்கிறது. உடலைவிட்டு விலகி மிதப்பதுபோன்ற மயக்கம் வரும், ரத்த அழுத்தம் ஏறும். போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை கெடும். 2013 முதல் இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து. பூட்டிவைத்து, கணக்கெழுதித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே மனநல மருத்துவர் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது. மானிட்டரோடு மயக்கவியல் மருத்துவரும் பக்கத்தில் வேண்டும். வழக்கமான மாத்திரையையும் அன்றே தொடங்கிவிட வேண்டும்.