திண்டுக்கல் பிரியாணிக் கடைகள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் சீரகச் சம்பா அரிசியில் சமைத்த ஆட்டுக்கறிப் பிரியாணியை முதன்மையாக விற்கும் உணவகங்கள் இவை. பூட்டு, புகையிலை, தோல் பதனிடுதல் ஆகிய தொழில்களுக்குப் பெயர் பெற்றிருந்த இந்த ஊர், கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகம் முழுவதும் பிரியாணி ஊராகவே அறியப்படுகிறது. தலப்பாக்கட்டி, வேணு, பொன்ராம் ஆகியவை வெளியூர்க்காரர்களும் அறிந்த பெயர்கள். உள்ளூர்க்காரர் குடும்பத்தோடு வெளியே சாப்பிடக் கிளம்பினால் எந்தக் கடைக்கு என்று கேட்கலாம். என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

இவற்றில் பழைய வகைக் கடைகளின் இயல்பு எளிமையானது. மட்டன் பிரியாணி, கோழிப் பிரியாணி, கறித்துண்டு இல்லாமல் அதே சோற்றை மட்டும் வைக்கும் குஸ்கா, இவற்றோடு சுக்கா, முட்டை; தொட்டுக்கொள்ள தால்ச்சாவும் வெங்காயத் தயிர்ப்பச்சடியும். பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். அரை பிளேட், முழு பிளேட் என்பதுதான் வாடிக்கையாளர் செய்ய வேண்டிய பெரிய முடிவு. அண்டா காலியானால் அந்த வேளை வியாபாரம் முடிந்தது.

தோற்றம்

பிரியாணி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஊரின் இஸ்லாமியத் தொடர்பு பழையது: நகரின் பேகம்பூர்ப் பகுதி ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஹைதர் அலி 1755-இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக (படை ஆளுநராக) இருந்தவர். தமிழ் இஸ்லாமியர் வீட்டுத் திருமண விருந்தில் பிரியாணிக்கு நெடுங்காலமாக இடமுண்டு. ஆனால் இன்று திண்டுக்கல் பிரியாணி என்ற பெயரில் விற்கும் கடைச் சோற்றின் வரலாறு பெரும்பாலும் ஒரு நாயுடு கடையிலிருந்தே சொல்லப்படுகிறது. நாகசாமி நாயுடு 1957-இல் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை அணிந்திருந்ததால் மக்கள் அந்தக் கடையைத் தலப்பாக்கட்டிக் கடை என்றார்கள். பலகையில் எழுதிய பெயர் பின்னுக்குப் போய், மக்கள் வைத்த பெயரே நிலைத்தது.

இதற்கு ஓர் அண்ணன் முறை உண்டு. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1930-களில் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ், அசைவச் சாப்பாட்டுக் கடை என்ற தொழிலையே தென்மாவட்டத்துக் கிராமத்தாருக்குத் திறந்துவிட்டது. வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விழாவில் இன்றும் பிரியாணிதான் பிரசாதம். முனியாண்டி விலாஸ்கள் முழுச் சாப்பாட்டையும் விற்றன. திண்டுக்கல் கடைகளோ ஒற்றைப் பண்டத்தில் நின்றன. வேறுபாடு அதுதான்.

வாங்குவதற்கு ஆள் இருந்ததும் ஒரு காரணம். தோல் கிடங்குகள், ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை, பூட்டுப் பட்டறைகள், வெங்காய மண்டிகள் என்று கையில் கூலி புழங்கிய ஊர் இது. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் பிரியும் சாலைகள் இங்கே சந்திப்பதால் பசியோடு இறங்கும் வழிப்போக்கர்களுக்கும் குறைவில்லை.

ஆடும் அரிசியும்

இந்தப் பிரியாணியின் உண்மையான சமையலறை ஊருக்கு வெளியே, வாரச் சந்தைகளில் இருக்கிறது. தலப்பாக்கட்டிக் கடை தன் ஆட்டுக்கறிக்குச் சொல்லி வரும் ஊர்கள் கன்னிவாடியும் பரமத்தியும். திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒரு கன்னிவாடி இருப்பதால் குழப்பம் வரும். ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர்ப் பக்கத்துக் கன்னிவாடி. தாராபுரத்திலிருந்து கரூர் வரை விரியும் அந்த வறண்ட நிலத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் முறை உண்டு. கிளுவை வேலி கட்டிய காட்டுக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர, ஆடுமாடுகள் அதற்குள்ளேயே நடந்து மேய்ந்து வளர்கின்றன. வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் அதுவும் தீவனம். கட்டிப்போட்டுத் தீனி வைத்த ஆட்டின் கறிக்கும் மேய்ந்த ஆட்டின் கறிக்கும் உள்ள வேறுபாட்டைச் சமையற்காரர்கள் தொட்டே சொல்லிவிடுவார்கள். மேய்ந்த ஆட்டில் கொழுப்பு குறைவு, கறி இறுக்கம். அதனால்தான் திண்டுக்கல் முறையில் கறியைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே திருச்சிச் சாலையில் உள்ள அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் ஆடு, கோழிச் சந்தை கூடும். விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். தீபாவளி, பொங்கல், பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் சாலையே நகராது. கறி விலை எங்கே போகிறது என்று அறிய விரும்புகிறவர் கடைப் பட்டியலைப் பார்ப்பதைவிட இந்தச் சந்தையில் ஒரு வியாழன் நின்றால் போதும்.

அரிசி, சீரகச் சம்பா. பெயருக்கேற்பச் சீரகத்தைப் போலச் சிறுத்த மணி. வேகும்போது தனக்கென ஒரு மணம். பாசுமதி நீண்டு உதிர்ந்து கண்ணைப் பறிக்கும், ஆனால் மசாலாவை மேலே பூசிக்கொள்வதோடு நின்றுவிடும். சீரகச் சம்பா கறிச்சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். திண்டுக்கல் சோறு கொஞ்சம் குழைவாக இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பாசுமதிக்குரிய அளவுகோலைக் கொண்டு இதை அளப்பதால் வரும் பேச்சு அது.

சமையல்

வடக்கத்தி முறையில் பாதி வெந்த அரிசியையும் கறியையும் அடுக்கடுக்காக வைப்பது போல இங்கே செய்வதில்லை. நெய்யும் எண்ணெயும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். பிறகு சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், புதினா, மல்லித்தழை. அதன்பின் தயிரும் கறியும். கறி வெந்த சாற்றிலேயே ஊறவைத்த அரிசியைக் கொட்டி, தண்ணீர் சுண்டி அரிசியோடு சமமாகும் நேரத்தில் எலுமிச்சை பிழிந்து மூடி, விறகு நெருப்பைத் தணித்து, மூடிமேல் தணலை வைத்து தம் போடுகிறார்கள். எப்போது தம் போடுவது என்ற அந்தச் சில நிமிடக் கணிப்புதான் மாஸ்டரின் சம்பளத்தை முடிவு செய்கிறது.

காரம் பெரும்பாலும் பச்சை மிளகாயிலிருந்தும் மசாலாப் பொடியிலிருந்தும் வருவதால் சோறு சிவப்பதில்லை. மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். வற்றல் மிளகாய் விழுதால் நிறம் ஏறி, கத்திரிக்காய்த் தொக்கோடு வரும் ஆம்பூர்ப் பிரியாணியிலிருந்து இதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம், இரண்டும் சீரகச் சம்பாவே என்றாலும். மசாலாவின் அளவு ஒவ்வொரு கடைக்கும் குடும்ப இரகசியம். பக்கத்திலுள்ள காமராசர் அணைத் தண்ணீரில்தான் ருசி என்று உள்ளூரில் அடித்துச் சொல்வார்கள். அப்படியானால் சென்னைக் கிளையில் சோறு வேகவே கூடாது.

பெயர் யாருடையது

2000-களின் இறுதியில் தலப்பாக்கட்டி சென்னைக்கு வந்தது. பிறகு துபாய், பாரிஸ் வரை கிளைகள் போயின. அதே காலத்தில் ஓரெழுத்து மாற்றிய தலப்பாக்கட்டுகளும் முளைத்தன. வணிகச் சின்ன உரிமை கேட்டு மூலக்கடை தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2010-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் அந்தக் கடையின் பக்கம் நின்றது. தலைப்பாகைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஊர்ப்பெயரின் நிலை வேறு. திண்டுக்கல் என்று பலகை எழுதி எந்த ஊரிலும் யாரும் அண்டா வைக்கலாம், வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

ஜப்பானில் இதற்கு மறுதலையான ஓர் ஊர் உண்டு. தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள உத்சுனோமியா, கியோசா என்னும் கறி அடைத்த கொழுக்கட்டையால் அறியப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய படைவீரர்கள் கொண்டுவந்த பண்டம் அது என்பார்கள். அங்கேயும் கியோசாவைத் தவிர வேறொன்றும் விற்காத கடைகள் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு கியோசாவுக்குக் குடும்பங்கள் செலவிடும் தொகையில் ஹமாமத்சு நகரோடு போட்டி. ரயில் நிலையத்தருகே கியோசாவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். முக்கியமானது, அவ்வூர்க் கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஊர்ப்பெயரோடு கூடிய பண்டப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்திருப்பது. திண்டுக்கல்லில் அப்படிக் கூட்டாக எதையும் செய்த கடைகள் இல்லை. ஒவ்வொன்றும் தன் மசாலாவையும் தன் பலகையையும் காக்கிறது. மாவட்டத்தில் விருப்பாட்சி, சிறுமலை மலைவாழைகளும், பழனிப் பஞ்சாமிர்தமும், திண்டுக்கல் பூட்டும் புவிசார் குறியீடு பெற்றவை. கடைசி இரண்டும் 2019-இல் கிடைத்தவை. பூட்டுத் தொழில் நலிந்த பிறகு பூட்டுக்குக் குறியீடு வந்தது. பிரியாணி நன்றாக விற்பதாலோ என்னவோ யாருக்கும் அவசரமில்லை.

இன்றைய நிலை

பழைய பெஞ்சுக் கடைகள் பல குளிர்சாதனக் கூடங்களாக மாறிவிட்டன. வாளிப் பிரியாணி, கைப்பேசிச் செயலி வழி விற்பனை, கரூர்ச் சாலையிலும் திருச்சிச் சாலையிலும் கார் நிறுத்த இடத்தோடு கிளைகள் என்று வியாபாரம் சாலையை நோக்கி நகர்ந்திருக்கிறது. இளைஞர்களைக் கேரள வழி வந்த குழிமந்தி என்னும் கறிச்சோறு இழுக்கிறது. இரவில் பரோட்டா சால்னாவின் இடத்தை எதுவும் அசைக்கவில்லை. 2019 அக்டோபரில் உலக உணவு நாளன்று உள்ளூர்க் கடை ஒன்று, செல்லாத 5 பைசா நாணயத்தைக் கொண்டு வருபவர்களுக்கு அரை பிளேட் பிரியாணி என்று அறிவித்து, வரிசையை வீதி வரை நீட்டியது.

இந்த மாவட்டத்தின் காபிக் கடைகள் இன்னும் பிரியாணிக் கடைகள் அளவுக்கு வளரவில்லை. மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காபி விளைகிறது. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில் இருக்கிறது. மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் கொட்டையைப் பதப்படுத்துகிறார்கள். சமவெளிக்கு இறங்கி நான்கு வழிச்சாலையில் வண்டியை நிறுத்தினால், பித்தளை டபராவில் தருவதோ கும்பகோணம் டிகிரி காபி.