'வேண்டாம்' என்று சொன்ன நாடு

2015 ஜூலை 5. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் மூன்றும் முன்வைத்த கடன் நிபந்தனைகளை ஏற்கலாமா, கூடாதா என்று கிரீஸில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 61.3 சதவீதம் பேர் 'ஓஹி' என்றார்கள். அதாவது, வேண்டாம். எட்டே நாளில் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ், பிரஸ்ஸல்ஸில் விடிய விடியப் பேசிவிட்டு, கிட்டத்தட்ட அதே நிபந்தனைகளுக்கு, சில இடங்களில் அதைவிடக் கடுமையானவற்றுக்கு, தலையாட்டினார்.

துரோகம்னு ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

கிரேக்கர்களுக்கு ஓஹி சாதாரணச் சொல் இல்லை. 1940 அக்டோபர் 28 அன்று முசோலினியின் இறுதி எச்சரிக்கையை கிரீஸ் மறுத்தது. அந்த மறுப்பின் பெயரிலேயே 'ஓஹி தினம்' இன்றும் தேசிய விடுமுறை. 75 வருடம் கழித்து அதே சொல் வாக்குச்சீட்டில் வந்தபோது எத்தனை பேருக்கு உடம்பு சிலிர்த்திருக்கும்!

கோபத்துக்கும் காரணம் இருந்தது. 2010-ல் முதல் மீட்புக் கடன் வந்தது, 110 பில்லியன் யூரோ. கூடவே சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு, வரி உயர்வு. அடுத்த சில வருடங்களில் பொருளாதாரம் கால்வாசி சுருங்கியது. 2013-ல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. வந்த பணத்தில் பெரும்பகுதி பழைய கடன்களை அடைக்கவும் வங்கிகளைத் தூக்கி நிறுத்தவுமே போனது. 2011-ல் அன்றைய பிரதமர் ஜார்ஜ் பாபாண்ட்ரியு வாக்கெடுப்பு என்று வாயைத் திறந்தார். சில நாட்களில் வாக்கெடுப்பும் போனது, அவர் பதவியும் போனது. நாற்காலிக்கு வந்தவர், ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவர் லூகாஸ் பாபடேமோஸ்.

சிப்ராஸ் அறிவித்த வாக்கெடுப்பு நடந்தது. ஆனா எப்படி? ஐரோப்பிய மத்திய வங்கி, கிரேக்க வங்கிகளுக்கான அவசர நிதியின் உச்சவரம்பை உயர்த்த மறுத்தது. ஜூன் 29 முதல் வங்கிகள் மூடல். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டும். அதிலும் கூத்து என்னன்னா, எந்த மீட்புத் திட்டத்தை ஒட்டிய நிபந்தனைகளுக்காக மக்கள் வரிசையில் நின்றார்களோ, அந்தத் திட்டமே ஜூன் 30-ல் காலாவதியாகிவிட்டது. ஜூலை 2-ல், பெரிய சலுகை இல்லாமல் இந்தக் கடன் தாங்காது என்ற ஆய்வை நாணய நிதியமே வெளியிட்டது.

அந்த 61.3 சதவீதத்துக்குள் இரண்டு ஆசைகள் இருந்தன என்று நினைக்கிறேன். சிக்கனத் திட்டம் வேண்டாம், யூரோ வேண்டும். பெரும்பான்மையினர் யூரோவை விட விரும்பவில்லை என்றே கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து காட்டின. யூரோவை அச்சடிக்கும் அதிகாரம் ஏதென்ஸின் கையில் இல்லை. கடன்காரர்களுக்கு அது தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் சிப்ராஸ் யூரோவைத் தேர்ந்தார். அந்தக் கணக்கை வாக்கெடுப்புக்கு முன்பே மக்களிடம் திறந்து சொல்லவில்லை என்பதே அவர்மேல் எனக்குள்ள குறை.

ஆகஸ்டில் 86 பில்லியன் வரையிலான மூன்றாவது கடன் ஒப்பந்தம். சிப்ராஸ் ராஜினாமா செய்தார். செப்டம்பர் 20 தேர்தலில் அவரே மறுபடி ஜெயித்தார். அப்போ மக்கள் மன்னித்துவிட்டார்களா? ஜனவரித் தேர்தலில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் வாக்களித்திருந்தார்கள். செப்டம்பரில் 57-க்கும் கீழே. வெற்றி பெற்றவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் சொன்ன ஓஹியையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.