இடக்காலுக்கு எந்தப் பக்கம்? கால்பந்து மேலாண்மை விளையாட்டுகளில் ஸ்ட்ரைக்கரின் இடம்: ஒரு வரலாற்று ஆய்வு

இரண்டு ஸ்ட்ரைக்கர்களை வைத்து ஆடும் அணியில் இடக்கால் ஆட்டக்காரரை இடப்பக்கம் நிறுத்துவதா, வலப்பக்கம் நிறுத்துவதா? 'ஃபுட்பால் மேனேஜர்' ஆடுகிறவர்களிடையே இது ஓயாத விவாதம். அணியை அடுக்கும் திரையில் பார்த்தால் சின்ன வேலைதான். ஒரு பெயரை இழுத்துப் பக்கத்துக் கட்டத்தில் விட்டால் முடிந்தது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டாகும் நிலைக்கு மேலாண்மை விளையாட்டுகள் வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வீரரைப் பற்றிய குறிப்பில் ஒரு வரியாக இருந்த கால், மைதானத்தில் யாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணியாக மாறிய வரலாறு அது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து சென்று, 'எதிர்ப்பக்கக் காலே மேல்' என்று இன்று பரவலாக நிலவும் முடிவு இரட்டை ஸ்ட்ரைக்கர்களுக்கும் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த வகை விளையாட்டின் முன்னோடி, கெவின் டாம்ஸ் 1982-இல் வெளியிட்ட 'ஃபுட்பால் மேனேஜர்'. இன்றைய தொடருக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே உறவு. அதில் வீரருக்குத் திறன் ஓர் எண், ஆற்றல் ஓர் எண். தடுப்பு, நடுக்களம், தாக்குதல் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்றில் அவர் இருப்பார். இடம் வலம் என்ற பேச்சே இல்லை. கணினியின் நினைவகம் சிறியதாக இருந்தது ஒரு காரணம். மேலாளரின் வேலை ஆளை வாங்குவதும் விற்பதும் பணத்தைக் காப்பதும்தான் என்ற பார்வை இன்னொரு காரணம். எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது.

உண்மைக் கால்பந்திலும் அப்போது கால் என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. இங்கிலாந்து லீக் 1939-இல் சட்டை எண்களை முறைப்படுத்தியபோது 7 வலது ஓரத்துக்கும் 11 இடது ஓரத்துக்கும், 8 உள்வலத்துக்கும் 10 உள்ளிடத்துக்கும் உரியவையாயின. வலக்காலர் வலப்பக்கம், இடக்காலர் இடப்பக்கம் என்பது எழுதாத சட்டம். ஓரத்தில் ஓடி, கோட்டை ஒட்டி கிராஸ் அடிப்பதே விங்கரின் தொழில் என்றிருந்தவரை அந்தச் சட்டம் சரியாகவே வேலை செய்தது.

அதற்குள்ளேயே மீறல்களும் இருந்தன. 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என்று வீழ்த்திய ஆட்டத்தில், ஹங்கேரியின் மூன்றாவது கோலைப் பாருங்கள். இடது விங்கரான சிபோர் வலது ஓரத்துக்கு வந்து பந்தை உள்ளே தருகிறார். 10-ஆம் எண் அணிந்த புஷ்காஷ், இடக்காலைத் தவிர மற்றதை அபூர்வமாகவே நம்பியவர், கோலின் வலப்புற ஓரத்தில் அதை வாங்குகிறார். இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் பில்லி ரைட் சறுக்கிக்கொண்டு பாய்கிறார். புஷ்காஷ் இடக்காலின் அடிப்பாதத்தால் பந்தைத் தன் பக்கம் இழுக்கிறார். ரைட் வெறும் புல்லின் மேல் கடந்துபோகிறார். அதே இடக்கால் பந்தை அருகிலுள்ள கம்பத்தின் உட்புறம் செலுத்துகிறது. உள்ளிடத்துக்குரியவர் அந்தக் கணத்தில் நின்றது வலப்பக்கம். அங்கே அவருடைய நல்ல கால் கோலின் நடுப்பக்கம் இருந்தது. அதனால்தான் ஒரே காலால் பந்தை இழுக்கவும் அடிக்கவும் முடிந்தது. சட்டை எண் சொல்லும் இடத்துக்கும் கோல் விழும் இடத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தை மேலாண்மை விளையாட்டுகள் மிகத் தாமதமாகவே கவனித்தன.

பால் கோல்யர், ஆலிவர் கோல்யர் சகோதரர்களின் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' 1992-இல் வந்தது. தொடர் வளர வளர வீரரின் குணங்கள் 1 முதல் 20 வரையான எண்களாக விரிந்தன. 2001-இல் வெளியாகி இன்றும் ஆடப்படுகிற 01/02 பதிப்பின் தகவல்தளத்தில், இடது வலது பக்கங்களில் ஆடும் திறன் வேறு, இடக்கால் வலக்காலின் வலிமை வேறு என்று தனித்தனி எண்கள் உண்டு. பக்கமும் காலும் ஒன்றல்ல என்ற உண்மை இப்படித் தகவலில் முதலில் இடம்பிடித்தது. ஆட்டமோ எழுத்து வர்ணனையாகவே ஓடியது. ஸ்ட்ரைக்கர் அடித்தார், கோல் விழுந்தது என்று படிக்கலாம். எந்தக் கோணத்தில் எந்தக் காலால் என்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் படாத ஒன்றை வைத்து யாரும் உத்தி வகுப்பதில்லை.

2003-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர் 4' மைதானத்தை மேலிருந்து பார்க்கும் இருபரிமாணக் காட்சியாகக் காட்டியபோதுதான் திருப்பம் வந்தது. இருபத்திரண்டு வட்டங்களும் ஒரு பந்தும்தான் திரையில். ஆனாலும் ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் நகர்கிறார், பந்து எங்கே குறுகிய கோணத்தில் மாட்டுகிறது என்பது இத்தொடரில் முதன்முறையாகத் தெரிந்தது. அதே காலத்தில் ஆர்சனலில் தியரி ஆன்றி வாராவாரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வலக்கால் ஸ்ட்ரைக்கரான அவர் இடப்பக்கம் ஒதுங்கி, அங்கிருந்து உள்ளே திரும்பி, வலக்காலின் உட்புறத்தால் தூரக் கம்பத்துக்கு வளைப்பார். பயனர்களின் கேள்வி மாறியது இங்கேதான் என்பது என் கருத்து. பிறகு தயாரிப்பாளரும் பதிப்பாளரும் பிரிந்தார்கள். 2004 இறுதியில் தயாரிப்பாளரான ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், புதிய பதிப்பாளரான சேகாவுடன் சேர்ந்து 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் தொடரைக் கொண்டுசென்றது. முப்பரிமாணக் காட்சி 2009 பதிப்பில் வந்தது.

கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கோலின் அகலம் 7.32 மீட்டர். பெனால்டி புள்ளியில், 11 மீட்டரில் நிற்பவருக்கு அது முழுதாகத் திறந்திருக்கும். பாக்ஸின் ஓரத்துக்கு நகர நகரக் குறுகும். இடப்பக்கம் நிற்கும் வலக்காலர் வலக்காலின் உட்புறத்தால் அடித்தால் பந்து வலமிருந்து இடமாக வளையும். தூரக் கம்பத்துக்கு வெளியே குறிவைத்தாலும் அது கோல்கீப்பரைச் சுற்றி உள்ளே வரும். ஆன்றியின் கோல்கள் இந்த வகை. அதே இடத்தில் இடக்காலர் இருந்தால் அவருடைய காலின் உட்புற வளைவு பந்தைக் கோலைவிட்டு வெளியே தள்ளும். ஆகவே அவர் தாழ்வாகவும் வேகமாகவும் குறுக்கே அடிக்க வேண்டும். அதற்கு ஈடாக அவருக்கு ஒரு சலுகை உண்டு: தடுப்பாட்டக்காரர் உட்பக்கம் துரத்தி வரும்போது பந்து வெளிப்பக்கக் காலில் இருக்கும், உடம்பே அதற்கு வேலி. குறுக்கே அடித்த பந்தைக் கோல்கீப்பர் தட்டிவிட்டால் அது பெரும்பாலும் நடுவில் விழும்; அங்கே ஜோடி ஸ்ட்ரைக்கர் காத்திருப்பார்.

2010 பதிப்பு இந்தக் கணக்கின் ஒரு பாதியை மட்டும் பிரபலமாக்கியது. ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்புகளை வகுத்த அந்தப் பதிப்பில், ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் தாக்குநருக்குத் தனிப் பொறுப்பு கிடைத்தது. 2009 கோடையில் பயெர்ன் மியூனிக்கில் சேர்ந்த இடக்காலர் ராபன் வலது ஓரத்தில் ஆட, வலக்காலர் ரிபெரி இடது ஓரத்தில் ஆடினார். பின்னாளில் லிவர்பூலின் இடக்காலர் சலா வலப்பக்கம் நின்று 2017–18 பருவத்தில் 32 லீக் கோல்கள் அடித்தார். இத்தனை சான்றுகளுக்குப் பின் 'எதிர்ப்பக்கக் கால்' கோட்பாடாக உறுதிப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் இவர்கள் எல்லாரும் ஓரத்தில் தொடங்குகிறவர்கள். உள்ளே வெட்டுவதற்கு இருபது மீட்டர் இடம் இருப்பவர்கள். இரட்டை ஸ்ட்ரைக்கர்கள் தொடங்குவதே நடுவில்.

காலின் மதிப்பைப் பற்றிய ஆய்வுகளையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1998 உலகக் கோப்பை ஆட்டங்களை அலசி டேவிட் கேரி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, வீரர்கள் தங்கள் பலவீனமான காலை மிக அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்றும், பயன்படுத்தும்போது சராசரியில் அதுவும் ஏறக்குறைய சமமாகவே வெற்றி பெறுகிறது என்றும் காட்டியது. பிரைசன், ஃபிரிக், சிம்மன்ஸ் மூவரும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை, இருகால் ஆட்டக்காரர்களுக்கு ஐரோப்பாவில் கூடுதல் ஊதியம் கிடைப்பதை நிறுவியது. விளையாட்டிலும் பலவீனமான காலுக்கு நல்ல எண் கொடுத்தால் வீரரின் மொத்தத் திறன் கணக்கில் அதற்கு விலை உண்டு. சோன் ஹியுங்-மின் போன்ற இருகால் ஆட்டக்காரர் ஒருவர் கையில் இருந்தால் இந்தக் கட்டுரையின் கேள்வியே எழாது. மற்றவர்களுக்கு எழும், 'பலவீனமான காலைத் தவிர்ப்பவர்' என்ற பழக்கம் குறிக்கப்பட்ட ஸ்ட்ரைக்கருக்கு மிகக் கூர்மையாக எழும்.

என் முடிவு இது: இரட்டை ஸ்ட்ரைக்கர்களில் பக்கத்தைத் தீர்மானிக்க வேண்டியது பந்து வரும் வழி. 4–4–2 அடுக்கில் பின்னால் இறங்கி நிற்கும் அணி, எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னே நீண்ட பாஸ்களைப் போடுகிறதென்றால், இடக்காலர் இடப்பக்கமும் வலக்காலர் வலப்பக்கமும் நிற்கட்டும். வெளிப்பக்கக் காலின் வேலி அங்கேதான் உதவும். எதிரணி பாக்ஸின் முன்னே குவிந்து நிற்க, ஸ்ட்ரைக்கர் காலில் பந்தை வாங்கித் திரும்ப வேண்டியிருந்தால் பக்கங்களை மாற்றிவிடுங்கள். இருவரையும் ஆட்டத்தினூடே இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லும் கட்டளை பயன்படுவது இத்தகைய ஆட்டங்களில்தான். தாக்குதல் பெரும்பாலும் இடது ஓரக் கிராஸ்களில் நடக்கிறதென்றால் பக்கத்தைவிட ஆள் முக்கியம். இடமிருந்து வரும் பந்தைப் பார்த்தபடி இருப்பது வலப்பாதத்தின் உட்புறம். ஒரே தொடுதலில் அதைக் கோலுக்குத் திருப்பும் வலக்காலர் முதல் கம்பத்தை நோக்கி ஓடுபவராக இருக்க வேண்டும்.

2025 நவம்பரில் வந்த 'ஃபுட்பால் மேனேஜர் 26' இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பழைய வாசலைத் திறந்திருக்கிறது. 01/02 பதிப்பில், பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு இடம், இல்லாதபோது வேறு இடம் என்று வீரரை நிறுத்த முடிந்தது. பின்னர் வந்த பதிப்புகள் அதைக் கைவிட்டன. இப்போது அடுக்கும் பொறுப்பும் அந்த இரு நிலைகளுக்கும் மறுபடி தனித்தனியாக வகுக்கப்படுகின்றன. தடுக்கும்போது எதிரணியின் வலது தடுப்பாட்டக்காரரை நெருக்க இடப்பக்கம் நிற்கும் இடக்கால் ஸ்ட்ரைக்கரை, பந்து கைவந்ததும் வலப்பக்க உள்வழிக்கு அனுப்பலாம். வெம்பிளியில் சிபோரும் புஷ்காஷும் தாமாகச் செய்துகொண்ட அந்த மாற்றத்தை மேலாளர் இனி முன்கூட்டியே திட்டமிட்டு ஆட்டத்துக்கு ஆட்டம் சோதித்துப் பார்க்கலாம்.