மகளாகப் பிறந்த போதிசத்துவர்

இந்தியாவில் அவலோகிதர் ஆண். மகாயான பௌத்தர்கள் கருணையின் வடிவாகக் கொண்ட போதிசத்துவர். தமிழுக்கும் அவர் அந்நியரல்லர். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று 11-ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் அவரைப் போற்றுகிறது.

406-இல் குமாரஜீவர் சாங்கான் நகரில் தாமரைச் சூத்திரத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்தபின் அவலோகிதரின் புகழ் அங்கே பெருகியது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார், 33 வடிவம் எடுப்பார் என்றது அந்நூல். 10-ஆம் நூற்றாண்டின் துன்ஹுவாங் பட்டு ஓவியங்களிலும் அவருக்கு மீசை உண்டு.

ஆனால் சீனத்தில் கன்பூசிய அறம் வேரூன்றியிருந்தது. 'ரென்' எனும் அன்பு பெற்றோரிடம் தொடங்கி, உற்றார், ஊர், நாடு எனப் படிப்படியாக விரிய வேண்டும். எல்லோரையும் சமமாக நேசிக்கச் சொன்ன மோசியை, தந்தையை மறுத்தவர் என்றே கன்பூசிய அறிஞர் மென்சியஸ் சாடினார். பௌத்தக் கருணைக்கோ சொந்தம், அயல் என்ற பேதம் கிடையாது. தலையை மழித்து, மணம் மறுத்து, வம்சத்தை அறுக்கும் துறவி கன்பூசியர் கண்ணில் பெற்றோருக்குத் துரோகி.

1100-இல் ஹெனான் பகுதியின் சியாங்ஷான் கோயிலில் ஒரு கல்வெட்டு எழுந்தது. ஜியாங் ஜிச்சி என்ற அரசு அதிகாரி எழுதியது. இந்தப் பிணக்கைத் தொடும் ஒரு கதையை அது சொன்னது. மியாவ்ஷான் ஓர் அரசனின் மூன்றாம் மகள். திருமணத்தை மறுத்துத் துறவியானாள். சினந்த தந்தை அவளைக் கொல்ல ஆணையிட்டான். தெய்வத் துணையால் தப்பினாள். பின்பு அவன் கொடுநோயில் விழுந்தான். சினமே இல்லாத ஒருவரின் கண்களும் கைகளுமே மருந்து என்றார்கள். மகள் தன்னுடையவற்றைக் கொடுத்தாள். நன்றி சொல்ல வந்தவன் மகளை அடையாளம் கண்டான். அவள் ஆயிரம் கண்ணும் கையும் கொண்ட குவான்யினாக, அதாவது சீனர் அழைக்கும் அவலோகிதராக, வெளிப்பட்டாள்.

கன்பூசியருக்கு அவள் காப்பாற்றியது பெற்ற தகப்பனை. பௌத்தருக்கு அவள் காப்பாற்றியது தன்னைக் கொல்லத் துணிந்தவனை. இருவரும் ஒரே ஆள் என்பதில்தான் கதையின் சாமர்த்தியம்.

கதை பரவப் பரவ, சீனத்தில் குவான்யினின் பெண்வடிவமே மேலோங்கியது. தெஹுவா ஊரின் வெண்பீங்கான் சிலைகளாகக் கடல் கடந்தாள். ஜப்பானில் மறைந்து வாழ்ந்த கிறித்தவர்கள் அச்சிலைகளை மரியன்னையாக வைத்து வணங்கினார்கள்.

கருணை முதலில் யாரிடம் என்ற வழக்கில் பௌத்தமும் கன்பூசியமும் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பெற்றவருக்குச் செய்வதும் பகைவருக்குச் செய்வதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்று சீன மக்கள் இக்கதையால் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.