தக்காளியின் ‘சீமை’யும் ‘நாடு’ம்

தென்னமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, போர்ச்சுகீசியர் வழியே இந்தியா வந்தது தக்காளி. தமிழ் அதற்குப் புதுச்சொல் தேடவில்லை. மணத்தக்காளி முதலிய சிறுபழங்களுக்கு ஏற்கெனவே வழங்கிய பெயரையே நீட்டிச் ‘சீமைத் தக்காளி’ என்றது. பின்னர் ‘சீமை’ உதிர்ந்தது. தெலுங்கின் பொதுவழக்கு ‘டமாட்டா’. சித்தூர் வட்டாரத் தெலுங்கிலோ ‘தக்காளி’ புழங்குகிறது.

வந்தேறிய செடிக்கு இன்று ‘நாட்டுத் தக்காளி’ என்றொரு வகையும் உண்டு! அப்பெயரில் விற்பவற்றுள் ஒன்றான பி.கே.எம். 1, அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையில் சடுதிமாற்றம் தூண்டிப் பெறப்பட்டு, 1978இல் பெரியகுளத்திலிருந்து வெளியானது. தட்டையான, புளிப்பு மிகுந்த பழம். விதையை எடுத்துவைத்து மறுபருவம் விதைக்கலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருள் நச்சுநோய், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் எதிர்ப்பது. ஆனால் கலப்பினமாதலால் அதன் விதையில் தாய்ச்செடியின் பண்பு அப்படியே வாராது.

மதனப்பள்ளிச் சந்தையிலிருந்து லாரியில் நெடுந்தொலைவு போகும் பழத்துக்குக் கெட்டித்தோல் வேண்டும். தடாவில் கிணற்றடியில் நாலு செடி வைப்போர்க்கு அது எதற்கு? ரசத்துக்குப் புளிப்பும் அடுத்த பருவத்துக்கு விதையும் தரும் பி.கே.எம். 1 அவர்களுக்குப் பொருந்தும், இலை சுருண்ட செடியை இரக்கமின்றிப் பிடுங்கி எறிவார்களாயின்.